கிரீஸ் படிந்த கைகள்

எங்கள் தந்தையார் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுறுகிறது. இராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் மெக்கானிக்காகப் பணியாற்றியவர் அவர். 1971 டிசம்பர்ப் போரின் நாள்கள் பழுதுற்ற சக்திமான் லாரிகளின் அடியிலேயே கழிந்தன என்பார். வீரச்செயல் எதுவும் சொன்னதில்லை. "வண்டி ஓடினால்தான் முன்னணிக்குச் சோறு போகும்" என்பதே அவர் எங்களுக்குச் சொன்ன போர்க்கதை.

ஓய்வுபெற்றபின் ஊரில் பட்டறை வைத்தார். சனிக்கிழமை இரவுகளில் மண்ணெண்ணெயால் கைகளைத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்களின் கருமை அகலாது. ஞாயிறு திருப்பலியில் அவரருகே நிற்க, படித்த பிள்ளைகளாகிய நாங்கள் கூசினோம். அதை அறிந்தோ என்னவோ, அவர் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். எங்கள் கல்விக் கட்டணம் அந்தக் கருமையிலிருந்தே வந்தது என்பதை அன்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். அந்தத் தச்சரின் கைகளும் காய்ப்பேறியிருக்கும். பாலன் இயேசு அவற்றைப் பற்றிக்கொள்ளக் கூசியிருப்பாரோ?

அடக்கத்திற்குமுன், செபமாலை சுற்றிய அக்கைகளை முத்தமிட்டோம். நகக்கண்களில் கருமை அப்படியே இருந்தது. நாங்கள் கூசவில்லை. அதை அவர் அறிய முடியாமற்போயிற்று.

தந்தை உயிரோடிருக்கும் இல்லத்தில் இதை வாசிப்போர், இன்றே அவர் கைகளைப் பற்றிக்கொள்வார்களாக.