கல்லறைக்கு முன் கல்யாணப் பதிவேடு

கொடைக்கானலில் வாழ்ந்து மறைந்த வெள்ளையரின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இடுகாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கல் கண்ணெதிரே நிற்கிறது. தவிர, 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டி மலையேறியதே சமவெளியின் நோய்க்கும் சாவுக்கும் அஞ்சித்தான். ஆனால் ஆவணங்களை ஒப்பிட ஒப்பிட எனக்கு உறுதிப்பட்டது வேறு: ஒருவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அடக்கப் பதிவு சொல்வதில்லை, திருமணப் பதிவு சொல்கிறது. சென்னை மாகாண அடக்கப் பதிவுகளில் பெயர், வயது, தொழில், நாள், பிற்காலத்தில் சாவின் காரணம் இருக்கும். பெரியவர்களுக்குப் பெற்றோர் பெயர் இராது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் தந்த படிவமோ மணமக்கள் இருவரின் தந்தை பெயரையும் கேட்கிறது. இன்னாரின் மனைவி என்றே அடக்கமாகும் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரோடு நிற்கும் கடைசி இடமும் பெரும்பாலும் அதுதான். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நடத்திய கோலார் தங்கவயலுக்கு 1880களிலிருந்து வந்த கார்ன்வால் சுரங்கக்காரர்களைத் தேடுவோருக்கும் இதே நிலைமை. ட்ரெ, பென் என்று தொடங்கும் குடும்பப் பெயர் கார்ன்வாலைக் காட்டும், கிராமத்தைக் காட்டாது. இங்கிலாந்தின் 1837க்குப் பிந்தைய திருமணச் சான்றிதழ்தான் தந்தையின் பெயரையும் தொழிலையும் சேர்த்துத் தருகிறது.

மலையில் திருமணமே நடக்காதவர்களை என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடைக்கானல் வானாய்வகத்துக்கு 1907இல் வந்த ஜான் எவர்ஷெட், 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தவர், 1923இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். அவருக்கும் வானியலாளரான மேரி ஆருக்கும் 1906இலேயே திருமணம் முடிந்துவிட்டது. பதினாறு ஆண்டு வாழ்ந்த ஊரின் திருமணப் பதிவிலும் சாவுப் பதிவிலும் அவர்கள் இல்லை. எவர்ஷெட்டுக்கு முன் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் 1922இல் கொடைக்கானலிலேயே இறந்தார். அவருடைய கல்லறையை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் கீக் கிராமத்துக்கோ, விவிலிய அறிஞரான அண்ணன் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித்திடமோ போய்ச் சேர வழியில்லை. இவற்றால் என் வாதம் தளர்ந்துவிடாது. கோடைக்கும் உடல்நலத்துக்கும் வேலைக்கும் மனிதர்கள் ஏறிவந்த ஊர் இது. திருமணத்தைத் தேட வேண்டிய இடம் மதுரை, சென்னை அல்லது கப்பலேறிய நாடு. ஆங்கிலேயத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மதுரை மிஷனுக்குத் தாய்ச்சங்கமான பாஸ்டன் அமைப்பின் காகிதங்கள் ஹார்வர்டின் ஹாட்டன் நூலகத்தில் உள்ளன. எந்தச் சபையார் என்று தெரியாமல் தேடினால் காலம்தான் விரயம்.

திருமணப் பதிவும் சிலசமயம் மறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னைக் கோட்டையின் புனித மேரி ஆலயத்தில் 1680 நவம்பரில் எலைஹு யேல் என்பவரை மணந்தவர் கேத்தரின் ஹின்மர்ஸ். ஹின்மர்ஸ் அவருடைய இறந்துபோன முதல் கணவரின் பெயர். பிறந்த வீடு எல்ஃபோர்டு. விதவையின் மறுமணம் கண்ணில் பட்டால் முந்தைய திருமணத்துக்குப் பின்னோக்கிப் போக வேண்டும் என்பதே இதற்கு விடை.

இந்த முறையின் உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது, அது என்னை உறுத்துகிறது. இதே மலையில் தலைமுறைகளாக வாழ்ந்த குன்னுவருக்கும் பளியருக்கும் அக்காலத்தில் லண்டனுக்குப் போன நகல் ஏதும் கிடையாது. தமிழ்நாட்டில் எல்லா மதத்தவருக்கும் திருமணப் பதிவு கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். கொங்குச் சமவெளியிலிருந்து மேலேறி வந்ததாகக் குன்னுவர் சொல்லும் மரபைச் சோதிக்க விரும்புகிறவர் பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர், குலதெய்வம் இருக்கும் ஊர் ஆகியவற்றை முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அங்கும் கல்யாண உறவிலிருந்தே தொடங்க வேண்டும்.