கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்

விண்டோஸில் ஒரு மென்பொருளை நிறுவுவது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. இரண்டு முறை கிளிக், அப்புறம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ். நடுவில் வரும் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தவர் எங்காவது இருந்தால் அவர் வாழ்க! இந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த ஒருவர், சரி, சி மொழி கற்போமே என்று ஒரு திறமூலக் கருவியை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேருவது ஒரு டார் கோப்பு. பிரித்துப் பார்த்தால் ஐகானும் இல்லை, நெக்ஸ்ட்டும் இல்லை. நூற்றுக்கணக்கான கோப்புகள், கூடவே 'இன்ஸ்டால்' என்று ஓர் உரைக்கோப்பு. ஆசையாக அதைத் திறந்தால், மூன்று கட்டளைகளை வரிசையாக அடிக்கச் சொல்கிறது. கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்.

பலருடைய திறமூல ஆர்வம் இரண்டாவது கட்டளையோடு முடிந்துவிடுகிறது :-)

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மூலநிரல் என்பது குறிப்பேடும் பேரேடும் மாதிரி. மனிதர் எழுதியது, மனிதர் படிக்கக்கூடியது. இயந்திரத்தில் ஓடும் கோப்பு, அச்சடித்துக் கையில் தரும் இருப்புநிலைக் குறிப்பு மாதிரி. முதலாவதை இரண்டாவதாக மாற்றித் தருகிற கணக்காளர்தான் கம்பைலர். மூடிய மென்பொருள் விற்பவர்கள் இருப்புநிலைக் குறிப்பை மட்டும் தருவார்கள். திறமூலக்காரர்கள், "இந்தாருங்கள் பேரேடு, நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பெரிய மனசுதான். ஆனால் கூட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

ஒவ்வொருவரும் தானே கம்பைல் செய்ய வேண்டிய நிலை ஏன் வந்தது என்றால், இயந்திரங்கள் ஒன்றுபோல் இல்லை. 1980களில் சன், எச்பி, ஐபிஎம், டெக் என்று ஆளுக்கொரு யுனிக்ஸ் விற்றார்கள். பெயர் ஒன்றுதான், உள்ளே ஆயிரம் வேறுபாடு. ஒன்றில் இருக்கும் ஃபங்ஷன் இன்னொன்றில் இருக்காது. ஒரே ஹெடர் கோப்பு இங்கே ஓரிடத்தில், அங்கே வேறிடத்தில். எல்லாவற்றிலும் ஓடும்படி ஒரு நிரல் எழுதுவது பெரிய தலைவலி. குனு திட்டத்தின் பல சிறு கருவிகளைப் பராமரித்துவந்த டேவிட் மெக்கென்ஸி, 1991இல் இந்தத் தலைவலி தாங்காமல் உருவாக்கியதுதான் ஆட்டோகான்ஃப். கன்ஃபிகர் ஸ்கிரிப்டை எழுதித் தருவது அதுதான்.

கன்ஃபிகர் செய்வது என்ன? அது கணினியிடம், "உன் பெயர் என்ன, பதிப்பு என்ன" என்று கேட்டு, சொல்வதை அப்படியே நம்பிவிடுவதில்லை. ஒரு வசதி இருக்கிறதா என்று தெரிய, அதைப் பயன்படுத்தும் நாலைந்து வரி சி நிரல் ஒன்றைத் தானே எழுதி, கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆனால் "இருக்கிறது", ஆகாவிட்டால் "இல்லை". திரையில் வரிவரியாக 'செக்கிங்... யெஸ்', 'செக்கிங்... நோ' என்று ஓடுவதெல்லாம் இதுதான். வாக்குமூலம் வேண்டாம், செய்து காட்டு என்கிற தணிக்கையாளர் புத்தி. இந்த "கம்பைல் ஆகாவிட்டால் இல்லை" என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்தது மேக். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976இல் எழுதியது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று மேக்ஃபைலில் எழுதி வைத்தால், மாறியதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். அருமையான யோசனை. ஆனால் அதில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் விசையில்தான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் தட்டினால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், மேக் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். தப்பு என்று தெரிந்ததும் ஃபெல்ட்மேன் ஏன் மாற்றவில்லை? அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்களாம், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரின் சௌகரியத்துக்காக உலகமே இன்றுவரை டேப் தட்டிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸில் இந்த மூன்று கட்டளைகளும் சொந்த ஊரில் இருப்பது மாதிரி. அங்கும் ஒரு பிரச்சினை உண்டு. நூலகம் நிறுவப்பட்டிருக்கும், ஆனாலும் கன்ஃபிகர் "காணோம்" என்று சாதிக்கும். காரணம், டெபியன், உபுண்டு போன்றவற்றில் ஓடுவதற்கான நூலகம் ஒரு பொதியிலும், கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் 'டெவ்' என்று முடியும் இன்னொரு பொதியிலும் இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தவர்கள் ஏராளம்.

விண்டோஸில் கதையே வேறு. கன்ஃபிகர் என்பது யுனிக்ஸ் ஷெல்லுக்காக எழுதப்பட்டது, அந்த ஷெல்லே அங்கே கிடையாது. பாதைகளில் சாய்கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' என்று நடுவில் இடைவெளி விட்ட பெயர், மேக்ஃபைலுக்கு இரண்டு தனித்தனிப் பெயர்கள். வரி முடிவில் யுனிக்ஸ் ஒரே ஒரு குறி வைக்கும், விண்டோஸ் இரண்டு வைக்கும். விண்டோஸ் நோட்பேடில் புதிதாக எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் எழுத்தால் எல்லாம் நின்றுபோகும். இதற்கெல்லாம் ஈடாக 1995இல் சிக்னஸ் நிறுவனத்தில் சிக்வின் பிறந்தது. விண்டோஸின் மேல் ஒரு யுனிக்ஸ் வேடம். மின்ஜிடபிள்யூ வேறு வழியில் போனது. வேடமெல்லாம் வேண்டாம், ஜிசிசியைக் கொண்டே நேரடி விண்டோஸ் நிரல் செய்வோம் என்றது. கடைசியில் 2016இல் மைக்ரோசாஃப்டே விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்ட வழிசெய்தது. மேக்கில் வேறொரு வேடிக்கை. அங்கே ஜிசிசி என்று தட்டினால் வருவது ஜிசிசி அல்ல, அந்தப் பெயரில் உட்கார்ந்திருக்கும் கிளாங் என்ற வேறு கம்பைலர்.

ஜிசிசி என்றதும் ஞாபகம் வருகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட இந்தக் கம்பைலரும் மூலநிரலாகத்தான் வரும். கம்பைலரைக் கம்பைல் செய்யக் கம்பைலர் வேண்டுமே! ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு கம்பைலரால் முதலில் அதைக் கட்டுவார்கள். அப்படி வந்த ஜிசிசியால் அதையே மறுபடி கட்டுவார்கள். வந்ததைக் கொண்டு மூன்றாவது முறையும் கட்டி, இரண்டாவதும் மூன்றாவதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நம்ம இருப்பாய்வேதான். பற்றும் வரவும் சமமானால் நிம்மதி.

ஆனால் இருப்பாய்வு சரியாக வந்தாலும் சில பிழைகள் உள்ளேயே ஒளிந்திருக்கும் என்று பதினொன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோமே, இங்கும் அப்படித்தான். யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், 1984இல் வெளியான தன் ட்யூரிங் விருது உரையில் இதைக் காட்டினார். கெட்டுப்போன ஒரு கம்பைலர், தான் அடுத்துக் கட்டும் கம்பைலரிலும் அதே கெடுதலை நுழைக்கலாம். மூலநிரலில் அதற்கு ஒரு தடயமும் இருக்காது. மூன்று முறை கட்டினாலும் 'டேலி' ஆகும்.

இதெல்லாம் பேராசிரியர்கள் பேசும் பேச்சு என்று நினைத்திருந்தவர்களுக்கு 2024 மார்ச் 29 அன்று பதில் கிடைத்தது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் நிலையற்ற ('அன்ஸ்டேபிள்') பதிப்பில் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் மூலம் உள்நுழைய 0.3 வினாடி ஆக வேண்டியது 0.8 வினாடி ஆவதைக் கவனித்தார். அரை வினாடி! வேறு யாராக இருந்தாலும் நெட் ஸ்லோ என்று விட்டிருப்பார்கள். அவர் நோண்டினார். எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது.

எப்படி வைத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் முழுக் கதவு இல்லை. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் சில கோப்புகள் சும்மா கிடந்தன. அவற்றைத் திறக்கும் சாவி, வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்த சில வரிகள். கன்ஃபிகர் எப்போதுமே ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தருவது என்பதால், களஞ்சியத்தில் இல்லாதது டாரில் இருப்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆயிரக்கணக்கான வரிகளை யார் படிப்பது? அலுவலகத்தில் தணிக்கை முடிந்த பேரேடு ஒன்று, பங்குதாரருக்குத் தபாலில் போனது வேறொன்று.

இன்னொரு தந்திரமும் உண்டு. 64 பிட் லினக்ஸா, ஜிசிசியா, டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதி தயாராகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டே அது வேலையைக் காட்டும். வீட்டில் உட்கார்ந்து மூன்று கட்டளைகளைத் தட்டியவருக்கு நல்ல நிரலே கிடைத்திருக்கும். குறி வைத்தது, எல்லோருக்குமாகக் கட்டித் தருபவர்களை. 'நமக்கெதற்கு வம்பு, அவர்கள் கட்டித் தருவதை எடுத்துக்கொள்வோம்' என்று கோடிக்கணக்கானவர்கள் நம்புகிற இடம் அது.

இதைச் செய்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தவர். உண்மையில் யார் என்று வெளியுலகுக்குத் தெரியவில்லை. கருவியை ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் தனியாகப் பராமரித்தவர் லாஸே கொலின். "ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா" என்று முகம் தெரியாதவர்கள் அவரை 2022இல் நெருக்கினார்கள். சேர்த்துக்கொண்டார்.

விஷயம் வெடித்த மறுநாளே கொலின் உட்கார்ந்து ஜியா டான் தொட்டதையெல்லாம் சோதிக்க ஆரம்பித்தார். ஒரு பாதுகாப்பு வசதி இந்தக் கணினியில் உண்டா என்று பார்க்கும் சின்னச் சோதனை நிரல் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு வரியில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. தூசு மாதிரி ஒரே ஒரு புள்ளி. அதனால் அந்தச் சோதனை எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகாததால் "இல்லை" என்ற பதில் வரும், பாதுகாப்பும் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். கொலின் அந்தப் புள்ளியை அழித்தார்.