நொய்யல் பிறக்கிற மலை

சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. வெள்ளியங்கிரி மலையின் பூண்டி அடிவாரத்தில் திருப்பூர்க்காரர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. வாரச் சம்பளம் வாங்கிய கையோடு வேன் ஏறி வந்திருக்கிறார்கள். குளித்துத் திருநீறு பூசியும் சிலருடைய புருவத்தில் பஞ்சுத்தூசு மிச்சம் இருக்கிறது.

போளுவாம்பட்டி வனச்சரக ஆட்கள் பைகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் உறை மேலே போகக்கூடாது. ஒரு பையன் பிஸ்கட்டுகளை உறையிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொள்கிறான். பக்கத்தில் அவனுடைய மாமா, பவர்டேபிள் டெய்லர், நாற்பத்தைந்து வயதிருக்கும், மூங்கில் தடிகளை ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றிப் பார்க்கிறார். வளையாத ஒன்றை மருமகனுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தனக்கு வைத்துக்கொள்கிறார்.

வெள்ளியங்கிரியில் ஏழு மலைகள். கடைசி மலை ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரம். முதல் மலைதான் ஆளை எடைபோடும். செங்குத்தான கல்படிகள், ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். பகலெல்லாம் பெடலை மிதித்த பாதத்துக்கு இந்த ஏற்றம் புதுசு. கால் மணி நேரத்தில் பேச்சு அடங்கி, மூச்சும் தடி தட்டும் சத்தமும் மட்டும் கேட்கின்றன.

"உக்காந்துட்டு வாங்க மாமா, அவசரமில்லீங்."

"உக்காந்தா கால் இறுகிப்போயிரும் மாப்ள. போயிட்டே இருக்கோணும்."

சொல்லிவிட்டு நான்கு படி ஏறி அவரே நிற்கிறார். மருமகன் ஒன்றும் சொல்லாமல் அவர் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டுகிறான். வெள்ளைப் பிள்ளையார் கோயில் வந்ததும் இருவரும் சூடத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்கிறார்கள்.

பாம்பாட்டிச் சுனையும் கைதட்டிச் சுனையும் அடுத்தடுத்து வருகின்றன. பாறையிடுக்கில் விரல் கனத்துக்குத் தண்ணீர் வடிகிறது. கோடையிலும் இது நிற்பதில்லை. இமயத்தில் கங்கோத்ரிப் பனியாறு உருகிக் கோடையில் கங்கைக்குத் தண்ணீர் தருகிறது. இங்கே பனி இல்லை. அந்த வேலையைச் சோலைக்காடும் புல்வெளியும் செய்கின்றன. தென்மேற்குப் பருவமழையை வேரிலும் மண்ணிலும் பிடித்து வைத்து, பிழியாமல் கொடியில் போட்ட துணிபோலச் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. இந்த மலைத்தொடரின் ஓடைகள் கூடித்தான் நொய்யல் ஆறு.

நான்காவது, ஐந்தாவது மலைகளில் ஏற்றம் தணிகிறது. புல்வெளிக் காற்று எலும்பைத் தொடுகிறது. மாமா துண்டைக் காதோடு சுற்றிக்கொள்கிறார். ஆறாவதில் பாதை கீழே இறங்கி ஆண்டிசுனைக்குப் போகிறது. அந்தக் குளிரிலும் ஆட்கள் முழுக்குப் போடுகிறார்கள். ஏழாவது மீண்டும் செங்குத்து, சறுக்கும் மண். மாமா தடியை விட்டுக் கையை ஊன்றி ஏறுகிறார். மேலே பெரும்பாறைகளுக்கு அடியில் சுயம்புலிங்கம். வெளுத்து வரும் நேரம். அவர் கும்பிட்டபடி நெடுநேரம் நிற்கிறார், கண்ணில் தண்ணீர்.

"நம்மூரு எந்தப் பக்கமுங் மாமா?"

கையைக் கிழக்கே நீட்டுகிறார். அங்கே மஞ்சுதான் தெரிகிறது. கோயம்புத்தூரைத் தாண்டித் திருப்பூர் வழியாகப் போய் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலும் அந்தத் திசையில்தான் ஓடுகிறது. பாசனத்துக்கென்று 1992-இல் அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த வயல்கள் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடலாம் என்பது நிபந்தனை. பனியன் துணிக்கு ஏறிய சாயத்தை ஆறும் சுமந்தது. ஊர் அதை வெகுகாலம் பார்த்தும் பாராமல் இருந்தது.

இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. இருட்டில் தெரியாததெல்லாம் இப்போது தெரிகிறது. புதர்களில் குர்குரே உறைகள், நசுங்கிய பாட்டில்கள், கிழிந்த சாக்ஸ். சோதனையைத் தப்பி மேலே வந்தவை. மருமகன் குனிந்து ஒரு பாட்டிலை எடுக்கிறான், பிறகு இன்னொன்றை. பை நிறைந்ததும் மாமா தன் துண்டை அவிழ்த்துக் கொடுக்கிறார். பின்னால் வந்தவர்களில் இரண்டு பேரும் குனிகிறார்கள். மற்றவர்கள் தாண்டிப் போகிறார்கள்.

பிப்ரவரி முதல் மே வரைதான் மலைக்கு விடுவார்கள். இந்த சீசனில் போகிறவர்கள் இதயமும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிட்டுப் போங்கள். பாதையிலேயே மூச்சுத்திணறி இறந்தவர்கள் உண்டு, 2024-இலும் பலர் இறந்தார்கள். கொண்டுபோன எதையும் மேலே விட்டுவராதீர்கள். அங்கே வடிகிற தண்ணீர்தான் திருப்பூர்ப் பாலத்துக்கு அடியில் வந்து சேருகிறது.