படிக்கத்துக்கு ஒரு கைப்பிடி

அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பித்தளைப் படிக்கம் இருக்கிறது. 1968-இல் அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. கூடவே வந்த குடம், தவலை, குத்துவிளக்கு எல்லாம் மகள்கள், மருமகள்கள் என்று ஒவ்வொரு வீடாகப் பிரிந்து போய்விட்டன. படிக்கத்தை யாரும் கேட்கவில்லை. நடமாட்டம் இருந்தவரை அம்மா கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டு வருவாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகுதான் அதைப் பரணிலிருந்து இறக்கினோம்.

அவளுக்கு நாள்பட்ட சளி. மதியத்தில் ஒரு வாய் இடித்த வெற்றிலையும் வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை குனிந்து எடுத்து, கொல்லையில் கொட்டி, கழுவித் திரும்ப வைப்பேன். வெறும் படிக்கமே ஒன்றரைக் கிலோ. எனக்கு வயது 54, முதுகெலும்பில் தேய்மானம். போன தை மாதம் ஒரு விடிகாலையில் விளிம்பு விரலிலிருந்து நழுவி எல்லாம் தரையில் கொட்டிவிட்டது. துடைத்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அன்றிலிருந்து அம்மா இருமுவதை அடக்க ஆரம்பித்துவிட்டாள். தொண்டையில் சளி கரகரக்கும். துப்பும்மா என்றால், “ஒண்ணுமில்லடி” என்பாள். எனக்கு வேலை வைக்கக் கூடாதென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். சளி வெளியே வந்தே ஆகவேண்டும், உள்ளே தங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று டாக்டர் சொன்னார்.

இணையத்தில் ஒரு பிளாஸ்டிக் இடுக்கி வாங்கிப் பார்த்தேன். குப்பை பொறுக்க ஆகும். படிக்கத்தின் பளுவுக்கு இரண்டாம் நாளே வாய் பிளந்துவிட்டது. படிக்கத்தின் கழுத்திலும் மயிரிழைபோல் ஒரு கீறல் விட்டிருந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கும்பகோணத்தில் திருவாரூர் பஸ் ஏறினேன். நாச்சியார்கோவில் பத்துக் கிலோமீட்டர்தான்.

நாச்சியார்கோவில் என்றால் கோயிலின் கல் கருடன், அடுத்து குத்துவிளக்கு. விளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பூம்புகார் நிறுவனத்துக்கு அங்கே உற்பத்தி நிலையம் இருக்கிறது. 1857 வாக்கில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த கம்மாளக் குடும்பங்கள், வார்ப்புக்கு ஏற்ற வண்டல் மண்ணைக் காவிரிப் படுகையில் கண்டு இங்கேயே தங்கிவிட்டன என்பது ஊர் வழக்கு. விளக்குதான் பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் இந்தப் பட்டறைகள் கிண்ணம், டம்ளர், தண்ணீர்ப் பாத்திரம், படிக்கம் என்று வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் வார்த்தவை. நான் நுழைந்த பட்டறையில் ஐம்பது விளக்குத் தண்டுகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. படிக்கம் ஒன்றுகூட இல்லை.

பட்டறைப் பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். எல்லாரும் பத்தர் என்றுதான் கூப்பிட்டார்கள். படிக்கத்தை வாங்கிக் கவிழ்த்து, விரல் நகத்தால் கழுத்தைச் சுண்டிப் பார்த்தார்.

“எங்க ஊரு வேலைதான்மா. பத்து வச்ச எடம் விட்டிருக்கு. வயிறு தனியா, வாய் தனியா வார்த்து ஒட்டுனது. ஒரே வார்ப்புன்னு சொல்லி விப்பாங்க, நம்பாதீங்க.”

அப்புறம் அவர் சொன்னதை 54 வயதுவரை நான் யோசித்ததே இல்லை. படிக்கத்தின் வாய் ஏன் தாமரை இலைபோல் விரிந்திருக்கிறது? குறி தவறாமல் துப்புவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் உண்டாம். “ஆனா நாலு விரக்கடை அகலம் எதுக்கு வச்சிருக்கு? தூக்குறவங்க கட்டைவிரல் உள்ள போயிடக் கூடாது. வெளிம்பு நுனிய மடிச்சிருக்கு பாருங்க, வெரல் நழுவாம இருக்க. அடி கனமா இருக்கறது, ராத்திரி இருட்டுல கால் பட்டா சாயாம இருக்க. துப்புறவருக்காக ஒரு பங்கு யோசிச்சா, தூக்குறவங்களுக்காக மூணு பங்கு யோசிக்கணும்னு எங்கப்பா சொல்வாரு.” என் படிக்கத்தின் விளிம்பு மடிப்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது. நழுவியதற்குக் காரணம் அதுதான்.

பின்கட்டில் அன்று வார்ப்பு. பத்தரின் மகன் வண்டல் மண்ணை ஈரம் பார்த்துப் பிசைந்து, பெட்டியில் நிரப்பி, கட்டையால் இடித்துக்கொண்டிருந்தார். மண்ணைக் கையில் கொடுத்தார். சலித்த மாவுபோல இருந்தது, பிடித்தால் பிடித்தபடி நின்றது. மாதிரியை அழுத்தி எடுத்தால் அதன் கோடுகள்கூட மண்ணில் பதிந்துவிடுகின்றன. மூசையில் பித்தளை உருகி ஆரஞ்சு நிறத்தில் தளதளத்தது. மேலே வெள்ளைப் புகை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும்; துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கிவிடும். அந்த ஆவி காற்றுபட்டு ஆக்சைடாக மாறுவதுதான் புகை. அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

“ஞாயித்துக்கெழம லீவு விட்டு வந்தா திங்கக்கெழமதான் அதிகமாக் குளுரும் அக்கா. வாரம் போகப்போக ஒடம்பு பழகிக்கும். மறுபடி லீவு, மறுபடி குளுரு” என்றார் மகன். இப்படித் திங்கட்கிழமை திரும்ப வரும் காய்ச்சலைத் தொழில் மருத்துவ நூல்களும் குறித்து வைத்திருக்கின்றன. பட்டறையில் புகைபோக்கி என்று இருந்தது கூரையில் பிரித்துவிட்ட இரண்டு ஓடுகள். நாம் பூஜையறையில் ஏற்றும் விளக்கு இந்தப் புகைக்குள்ளிருந்துதான் வருகிறது. புவிசார் குறியீட்டோடு இந்தப் பட்டறைகளுக்கு ஒரு நல்ல புகைபோக்கியும் கிடைத்திருக்க வேண்டும்.

படிக்கம் அம்மாவின் சளிக்கு என்று சொன்னதும், “டிபி ஏதும் இல்லையே அக்கா?” என்று மகன் தயங்கிக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், எனக்கு வருத்தமில்லை. சளியைப் பரிசோதித்துவிட்டோம், இல்லை என்றேன். இருந்திருந்தாலும் அம்மாவை வீட்டிலேயே வைத்துத்தான் பார்த்திருப்பேன். அதற்கு வழி திறந்ததே சென்னைதான். 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலும் குணமாகிறது என்று 1959-இல் வெளியான முடிவு சொன்னது; அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடுவதில்லை என்பதை அடுத்து வந்த அறிக்கைகள் காட்டின. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சளிக் குவளை ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தது. அதைத் தூக்கிக் கழுவும் வேலை யார் கைக்கு வந்தது என்று அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது. நம் வீடுகளில் பார்த்தால் தெரியும்.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன்: குனியாமல் தூக்க ஒன்று, கைபடாமல் கழுவ ஒன்று. பத்தர் இப்படி எதுவும் செய்ததில்லை. ஆனாலும் முடியாது என்று சொல்லவில்லை. கழுத்தின் சுற்றளவை நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். என்னை நிற்கச் சொல்லி, தரையிலிருந்து என் மணிக்கட்டுவரை ஒரு மூங்கில் குச்சியில் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் போனபோது முதல் கருவி தயாராக இருந்தது. நீளக் கம்பி, நுனியில் இரண்டு விரல் விரித்ததுபோல் ஒரு கவை. கவையைக் கழுத்தில் கொடுத்தால் விரிந்த வாய் அதன்மேல் உட்காரும். பார்க்க அழகாக இருந்தது. படிக்கத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கினேன். மணிக்கட்டு அப்படியே கீழே மடங்கியது. பளு ஒரு கோடியில், கை மறுகோடியில். கம்பி நீள நீள வலி கூடத்தான் செய்யும். பத்தர் ஒன்றும் பேசாமல் அதைத் தன் கையில் வாங்கி, தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தார். அப்புறம் கிணற்றடியில் இருந்த வாளியைக் காட்டினார்.

“அதுக்குக் கைப்பிடி எங்க இருக்கு? பளுவுக்கு நேர் மேல. நான் பக்கத்துல வச்சுட்டேன். தப்பு என்னுதுதான்.”

மூன்றாவது தடவை போனபோது கிடைத்ததுதான் இப்போது என்னிடம் இருப்பது. கவை அதேதான், ஆனால் கம்பி அதன் பின்பக்கத்திலிருந்து நேராக மேலே எழுந்து, என் மணிக்கட்டு உயரத்தில் கொக்கிபோல் முன்னால் வளைந்து, படிக்கத்தின் வாய்க்கு நேர் மேலே கைப்பிடியாக முடிகிறது. பக்கவாட்டில் பார்த்தால் கேள்விக்குறி மாதிரி. தூக்கினால் படிக்கம் ஆடாமல் தொங்குகிறது, மணிக்கட்டு மடங்குவதில்லை. கவையின் இரண்டு நுனிகளும் நெல்மணி அளவு மேல்நோக்கித் திரும்பியிருக்கின்றன. கழுத்து முன்னால் வழுக்காது. கவை மட்டும் பித்தளை வார்ப்பு, கம்பி பக்கத்துக் கொல்லுப்பட்டறை இரும்பு. ஏன் இரண்டு உலோகம் என்றேன். “இரும்புக் கவ பித்தளக் கழுத்தக் கீறிடும். பித்தளக் கம்பியா விட்டா இவ்ளோ ஒசரத்துக்கு நாளாவட்டத்துல வளைஞ்சுடும். எது எங்க தாங்குமோ அத அங்க வச்சேன்.” கழுத்துக் கீறலிலும் வெங்காரம் தூவிப் பற்றவைத்து, அரம் போட்டு ராவி, இருந்த தடம் தெரியாமல் செய்திருந்தார்.

கழுவும் கருவியை அவர் செய்யவில்லை. பட்டறையில் விளக்குகளுக்குப் புளி தேய்த்து மெருகு போடும் அம்மாள் ஒருவர் செய்து கொடுத்தார். தேங்காய் நாரைக் கம்பியில் சுற்றிக் கட்டி, நுனியைக் கட்டைவிரல்போல் மடக்கியிருந்தார். நேரான பிரஷ் படிக்கத்தின் அடியைத் தொடும். தோளுக்கு உள்பக்கம் போகாது. அழுக்கு தங்குவது அங்கேதான். “கழுவுனவளுக்குத்தாம்மா தெரியும்” என்றார். பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தாராம். அந்த வீட்டுச் சமையற்கட்டுக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. கூடத்தில் ஐயா உட்கார்ந்திருக்கும் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் படிக்கத்தை எடுக்க மட்டும் கொல்லை வழியாகக் கூப்பிடுவார்கள். வெறுங்கையால் கழுவ வேண்டும். இதை அவர் குரலை உயர்த்தாமல், நாரை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்.

அவர் சொல்லித்தந்த இன்னொன்று: வைக்கும்போதே அடியில் ஒரு கை சாம்பலும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு வைத்தால் எதுவும் ஒட்டாது. வெற்றிலைச் சுண்ணாம்பு பித்தளையில் வெள்ளையாகப் பொரிந்து படியும். அதற்குப் புளிதான். புளியின் அமிலம் சுண்ணாம்பையும் கரைக்கும், பித்தளையின் கறுப்பையும் எடுக்கும். சமையல் பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்றுதானே ஈயம் பூசுகிறோம்? படிக்கத்துக்கு ஈயம் கிடையாது. அங்கே அதே புளி மருந்தாகிறது. இதற்கு மேல் நான் சேர்த்துக்கொண்டது பினாயிலும் கையுறையும் மட்டுமே.

படிக்கத்துக்குக் காளாஞ்சி என்றும் ஒரு பெயர் உண்டு. கோயிலில் ஒருவருக்குக் காளாஞ்சி கொடுத்தார்கள் என்றால் மரியாதை செய்தார்கள் என்று பொருள். நாகர்கோவில் பக்கத்திலும் கேரளத்திலும் கோளாம்பி. மஞ்சளாகக் குழல்போல் விரியும் ஒரு பூவுக்கும், பழைய கூம்பு ஒலிபெருக்கிக்கும் மலையாளிகள் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சிங்களத்தில் படிக்கம. பாத்திரத்துக்கு இத்தனை பெயர். விஜயநகர அரசவையில் வெற்றிலைப் பையான அடைப்பத்தை ஏந்துவது பெரிய பதவி. படிக்கத்தை எடுத்துப் போய்க் கழுவியவருக்கு என்ன பெயர் என்று நான் கேட்காத ஆள் இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. தூக்கும் கருவிக்கும் பெயர் இல்லை. பத்தர் அதைக் கவை என்கிறார், அம்மா கொக்கி என்கிறாள்.

கருவிக்குக் கூலி 650 ரூபாய் கேட்டார். இரண்டு தடவை செய்த வேலைக்கு அது போதாது என்று கூடக் கொடுத்தேன். முதலில் செய்தது தன் தப்பு, அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று 650-ஐ மட்டும் எடுத்துக்கொண்டார். மெருகு போடும் அம்மாளுக்கு நாருக்கும் உழைப்புக்குமாகத் தனியே கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், அதில் எனக்கு மகிழ்ச்சி.

இப்போது அம்மா ராத்திரியில் நன்றாக இருமுகிறாள். அடுத்த அறையில் எனக்குக் கேட்கிறது. எழுந்து போய், நின்றபடியே தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போகிறேன்.

உங்கள் வீட்டில் படுக்கையில் இருப்பவர் ஒருவர் இருந்து, படிக்கமோ மலச்சட்டியோ தூக்குகிறவர் நீங்களாக இருந்தால், கடையில் தேடி அலைய வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பத்தரிடமோ கொல்லரிடமோ போங்கள். இரண்டு அளவு கொண்டுபோனால் போதும்: பாத்திரத்தின் கழுத்துச் சுற்றளவு ஒரு நூலில், தரையிலிருந்து உங்கள் மணிக்கட்டுவரை ஒரு குச்சியில். கைப்பிடி பளுவுக்கு நேர் மேலே வரவேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.