ரெண்டு மூக்கு கேமரா

பி.காம். படித்தவனுக்கு உலகமே தேய்மானம்தான். வாங்கிய பொருளின் விலையில் வருஷா வருஷம் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். இந்தக் கணக்குப்படி 2004-ல் வந்த டிஜிட்டல் கேமரா இன்றைக்குப் பேரீச்சம்பழத்துக்குத்தான் லாயக்கு. ஆனால் எப்ஸான் ஆர்-டி1 வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள். செகண்ட் ஹாண்டில்கூட அதற்குக் கௌரவமான விலை.

பிரிண்டர் பண்ணுகிற எப்ஸானா என்றால், சாட்சாத் அதேதான். உலகத்தின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் இது. வெறும் 6 மெகாபிக்சல். ஆட்டோஃபோகஸ் கிடையாது, வீடியோ கிடையாது. மேல்தட்டில் கைக்கடிகாரம் மாதிரி முட்கள். பாட்டரி எவ்வளவு, இன்னும் எத்தனை படம் என்று காட்டும். தமாஷ் என்னவென்றால், ஃபிலிமே இல்லாத இந்தக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரை இழுக்க வேண்டும். ஷட்டருக்குச் சாவி கொடுக்கிற வேலை.

ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஓரத்தில் தனி ஜன்னல். அதன் நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் எல்லாமே ரெண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக ரெண்டும் நெருங்கி வந்து ஒட்டும். ஒட்டினால் ஃபோகஸ். 1950-ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன், காலமெல்லாம் நம்பிய லைக்காவும் இந்த ஜாதிதான். 1954-ல் வந்த லைக்கா எம் லென்ஸ்கூட ஆர்-டி1-ல் பொருந்தும்.

எல்லாம் சரி, என்ன பிரயோஜனம்? நண்பர் ஒருவர் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தபோதுதான் புரிந்தது.

அப்பாவுக்கு 76 வயசு. அவர் படம் இருப்பது ரேஷன் கார்டிலும் ஆதாரிலும்தான். ரெண்டிலும் போலீஸ் தேடுகிற முகம். போனை நீட்டினால் அட்டென்ஷனுக்குப் போய்விடுவார். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு வாசல்படியில் உட்காரவைத்தேன்.

"எதுக்குடா இப்பப் போட்டோ? மாட்டுறதுக்கா?"

"வாயக் கழுவுங்க" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆர்-டி1 ஜன்னலில் எதுவும் சின்னதாகத் தெரியாது. நேரில் பார்க்கிற அதே அளவு. அதனால் ரெண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம். வலது கண்ணில் அப்பாவுக்கு ரெண்டு மூக்கு. இடது கண் சும்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் அந்தக் கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் பழங்காநத்தத்திலிருந்து கிளம்பிய காலம், சில்லறை தராத கண்டக்டர், அவரைத் துரத்திப் போய் வாங்கிய நாலணா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு ஒன்றானது. க்ளிக்.

"எடுத்துட்டியா?"

"இருங்கப்பா, லீவர் இழுக்கணும்."

"என்ன மிஷினுடா இது, தையல் மிஷின் மாதிரி!" மறுபடி சிரிப்பு. மறுபடி க்ளிக்.

அரை மணி நேரத்தில் மொத்தம் ஒன்பது படம். போனாக இருந்தால் தொண்ணூறு எடுத்திருப்பேன், தொண்ணூறிலும் அட்டென்ஷன்.

ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் பண்ணிக் கொண்டுவந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். சுத்தியலைத் தேடினேன்.

"ஆணியெல்லாம் அடிக்காத. டி.வி. பக்கத்துல சாத்தி வை. இப்போதைக்கு அது போதும்" என்றார்.