இருட்டில் ஒரு லேப்டாப்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. திருவண்ணாமலைக்காரர்களுக்கு மறக்காத நாள். முந்தின ராத்திரி கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், எங்க ஊரில் மழையாகக் கொட்டித் தீர்த்தது. எங்க தெருவில் காலையிலேயே கரன்ட் போயிருந்தது. சாயங்காலம், வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடிவிட்டதாகச் செய்தி வந்தது. அதில் 7 பேர் இறந்துபோனார்கள்.

திண்டிவனம் போன என் கணவர், திரும்பும் வழியில் செஞ்சியில் மாட்டிக்கொண்டார். என் போனில் 4 சதவிகிதம் சார்ஜ். அதுவும் போனால் அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. இன்வெர்ட்டர் மதியமே ஓய்ந்துவிட்டது. மிச்சமிருந்தது மகளின் லேப்டாப், 38 சதவிகிதம். அதில் போனைச் சொருகினோம். நான் செய்த முட்டாள்தனம், அந்தத் திரையையே விளக்காக்கி, முழு வெளிச்சத்தில் சமையல்கட்டில் வைத்து மாமியாருக்கு தோசை வார்த்தது! தோசை முடிவதற்குள் 27க்கு இறங்கிவிட்டது.

மகள் பதறிப்போய் திரையில் கருப்புப் படத்தை வைத்தாள். அப்போதுதான் வேலூரிலிருந்து கொழுந்தனார் கூப்பிட்டார். லேப்டாப் ரிப்பேர்தான் அவர் தொழில்.

“அண்ணி, கருப்பு வெச்சா மிச்சமாகாது. இது எல்சிடி. திரைக்குப் பின்னாடி விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். கருப்புன்னா ஜன்னலைச் சாத்துற மாதிரி, அவ்வளவுதான். உள்ளே விளக்கு அணையாது. பிரைட்னஸைக் குறைங்க, அந்த விளக்கே மங்கும்.”

“என் போன்ல கருப்பு வெச்சா சார்ஜ் நிக்குதே சித்தப்பா?” என்றாள் மகள்.

“அது ஓஎல்இடிம்மா. ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. கருப்புப் புள்ளி அணைஞ்சே இருக்கும்.”

சட்டென்று மூடிவிடலாம் என்றால், எங்க லேப்டாப் மூடினதும் போனுக்கு சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். அதனால் லேப்டாப் தூங்காமல் திரை மட்டும் அணையும்படி செட்டிங்ஸை மாற்றினாள் மகள். வைஃபையையும் அணைத்தாள். அடுப்படியில் பழைய அகல் விளக்கு வந்தது. தீபத்துக்கு வாங்கிய எண்ணெய் இருந்ததே!

போன் 35 சதவிகிதம் ஏறியபோது லேப்டாப்பில் 11 மிச்சம். ராத்திரி பத்தரைக்கு அவர் கூப்பிட்டார். “பஸ்ஸுலதான் இருக்கேன், தண்ணி வடிஞ்சதும் கிளம்புவாங்களாம். நீ பயப்படாதே.”

மறுநாள் மதியம் முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். வந்ததும் கேட்டது, “சார்ஜர் எங்கே?”