ஒட்டுப்போட்ட தூண்

மரத்தூண் அழுகத் தொடங்குவது அடியில்தான். சியோல் நகரின் புக்சோன் பகுதியில், கூரையைப் பிரித்துப்போட்டிருந்த ஒரு ஹனோக் வீட்டுக்குள் நுழைந்ததும் தலைமைத் தச்சர் எங்களை நேரே மூலைத் தூணிடம் அழைத்துப்போனார். உளிப்பிடியால் தட்டினார். மேலே கணீரென்றது, முழங்காலுக்குக் கீழே சத்தமே செத்துக் கிடந்தது. பிற்காலத்தில் யாரோ தூணின் அடியைச் சுற்றி சிமென்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பைன் மரம் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போயிருந்தது.

மரச்சட்டகம், மண்சுவர், ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம்: இதுதான் ஹனோக். புக்சோன் தெருக்களைப் பார்க்கிறவர்கள் இவையெல்லாம் அரசர் காலத்து வீடுகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலானவை ஜப்பானியர் ஆட்சியில், 1920, 30களில் எழுந்தவை. பெருந்தனக்காரர்களின் மனைகளை வாங்கி, துண்டு போட்டு, நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்ற சிறிய ஹனோக்குகளை வரிசையாகக் கட்டி விற்றவர்களில் முதன்மையானவர் ஜோங் செக்வோன். வியாபாரிதான். ஆனால் கொரிய மொழிக் கழகத்துக்குச் சொந்தச் செலவில் கட்டடம் கொடுத்தவர். 1942இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் மீதான வழக்கில் போலீஸ் சித்திரவதைக்கும் ஆளானார். மனை வியாபாரிகளைப் பற்றி எனக்கிருந்த பொதுவான அபிப்பிராயத்துக்கு இவர் ஒரு விதிவிலக்கு.

மூலைத் தூணுக்கு வருவோம். முழுத் தூணையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை நிறுத்துவதுதான் சுலபம். பெரியவரான தலைமைத் தச்சர் அதற்கு ஒப்பவில்லை. உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்து, கெட்ட பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, புதுக்கட்டை ஒன்றை அடியில் கோத்தார். ஆணி கிடையாது. மேல்மரத்திலும் கீழ்க்கட்டையிலும் ஒன்றையொன்று கவ்வும்படி கழுந்தும் துளையும் செதுக்கிப் பொருத்துவது. இதைக் கொரியத் தச்சர்கள் ‘தொங்பாரி’ ஒட்டு என்கிறார்கள்.

வேலையின் நுட்பம் எந்த உயரத்தில் அறுப்பது என்பதில் இருக்கிறது. இளைய தச்சர் ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று உயரத்தில் கோடு போட்டிருந்தார். பெரியவர் அதைத் துடைத்துவிட்டு உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திப் பார்த்து, நல்ல மரம் தட்டுப்பட்ட இடத்தில், நான்கு விரல் கீழே, மறுபடி மையிட்டார். நான்கு விரல் மரத்துக்கு இத்தனை பிடிவாதமா என்று கேட்டேன். எண்பது, தொண்ணூறு வருஷம் காய்ந்த மரம் இனி சுருங்காது, முறுக்காது. புதுமரம் என்ன செய்யும் என்று எவனுக்குத் தெரியும் என்றார். சரியாகக் காயாத கட்டையை வைத்தால் அது சுருங்கச் சுருங்க ஒட்டும் தளர்ந்துவிடும்.

உச்சி விட்டத்தில் வீடு எழுந்த நாளை எழுதிவைப்பது வழக்கம். இந்த வீட்டிலும் கூரைத்தாளை உரித்தபோது மையெழுத்து வெளிப்பட்டிருந்தது. ஆண்டு ஜப்பானியப் பேரரசரின் ஷோவா கணக்கில் இருந்தது. அதையும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

கூரை வேலை வேறு குழுவினருடையது. நம் நாட்டு ஓடு மாதிரியே ஒரு வரிசை மல்லாந்தும் அடுத்தது கவிழ்ந்தும் வரும். இறவாரத்தில் கவிழ்ந்த ஓட்டின் வாயைச் சுண்ணாம்புச் சாந்தால் வெள்ளையாக அடைக்கிறார்கள். ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே மரத்துண்டுகளும் கனத்த மண்ணும் நிரப்புவது பழைய முறை. அந்தப் பாரம்தான் சட்டகத்தின் இணைப்புகளை அழுத்திப் பிடிக்கிறது. வெயிலையும் குளிரையும் தடுக்கிறது. இப்போது மண்ணைக் குறைத்து வெப்பத்தடுப்புப் பலகை வைக்கிறார்கள். பாரம் குறையும், குளிர்காலச் செலவும் குறையும். இதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. தரைக்கு அடியில் புகையை ஓட்டிச் சூடாக்கிய ஒந்தோல், பாய்லரின் வெந்நீர்க் குழாய்களாக மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால் வீடு ஹனோக் அல்லாமல் போய்விடவில்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கிம் சூகுன் 1970களில் எழுப்பிய ‘ஸ்பேஸ்’ கருஞ்செங்கல் கட்டடம் இருக்கிறது. 2014 முதல் அது அராரியோ அருங்காட்சியகம். குறுகிய படிக்கட்டு, தாழ்ந்த கூரை என எல்லாவற்றையும் பெரும்பாலும் தொடாமலே விட்டிருக்கிறார்கள். செங்கல்லுக்கு அது கட்டுப்படியாகும். மரவீட்டைத் தொடாமல் காப்பாற்ற முடியாது. ஆகவே எவ்வளவு தொடுவது என்பதே கேள்வி.

2001 முதல் சியோல் நகராட்சி ஹனோக் பழுதுபார்ப்புக்கு மானியமும் கடனும் தருகிறது. அது இல்லாவிட்டால் இந்தத் தெருக்களில் பல வீடுகள் அடுக்குமாடிகளாகியிருக்கும். ஆனால் பழுதுபார்ப்பு என்ற பெயரில் முழுக்க இடித்துப் புதுமரத்தில் கட்டிய வீடுகளும் உண்டு. அங்கே குடியிருந்தவர்களே அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். என் கட்சி பெரியவர் பக்கம்: தப்பிக்கக்கூடிய மரத்தை மாற்றுகிறவர் பழுதுபார்க்கவில்லை, புதிதாகக் கட்டுகிறார். அதற்குப் பொதுப்பணம் எதற்கு?

புக்சோன் போனால் கூரையை மட்டும் படமெடுக்காமல் தூணின் அடியையும் பாருங்கள். ஒட்டு இருந்தால் மரத்தின் நிறமே காட்டிக்கொடுக்கும். மக்கள் குடியிருக்கும் இடம் என்பதால் மையத் தெருக்களில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரைதான் அனுமதி. மீறினால் 1 லட்சம் வோன் அபராதம்.